செருப்பைக் கழற்ற மாட்டேன்

திருமங்கலத்தைத் தாண்டி, நான்கு வழிச்சாலையின் ஓரமாக மதுரையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கல்யாண மண்டபத்தின் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு லாரிகளின் சத்தம் அதை மூடிவிட்டது. வைகாசி மாதம், காலை பத்து மணி. தார் அப்போதே இளகத் தொடங்கியிருந்தது.

அந்த மண்டபத்தில் அன்று காலைவரை எனக்கு வேலை இருந்தது. சமையல் மாஸ்டர் என் காலைக் காட்டி, "செருப்பக் கழட்டு, இல்லையின்னா கெளம்பு" என்றார். கிளம்பிவிட்டேன்.

கோபம் வந்தால் நடப்பேன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அடித்தபோது பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். லாரியில் கிளீனராக இருந்தபோது டிரைவரோடு சண்டை போட்டு, ஆந்திராவில் ஓங்கோலுக்கு இந்தப் பக்கம் இறங்கி ஒரு பகல் முழுக்க நடந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, வயநாட்டில் இஞ்சித் தோட்டம், மும்பையில் இட்லிக் கடை என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரு நாள் நடந்தே வெளியேறியிருக்கிறேன். கல்யாணமும் இரண்டு வருடம் இருந்தது. அதிலிருந்து நடந்து போனது அவள்.

இப்போது நாற்பத்தொன்பது வயது. அன்று நடக்கக் கூடாத காலோடு நடந்துகொண்டிருந்தேன். கப்பலூர் வரைக்கும் அது எனக்கு உறைக்கவில்லை.

*

உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், உங்கள் செருப்பைக் கவனியுங்கள். எனக்கு முதல் அறிகுறி அதில்தான் தெரிந்தது.

நோய் அதற்கு எட்டு வருடம் முன்பே வந்துவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். கையில் வேலை இல்லாதபோது அக்கா சரோஜாவின் வீட்டுக்கு வந்துவிடுவேன். மதுரை செல்லூரில் விசைத்தறி ஓடுகிற ஒரு சந்தில் இருக்கிறாள். மாடியில் ஒற்றை அறையை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறாள். ஒரு மாலையில் அந்தச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒங்க செருப்பு இங்கன கெடக்கு!"

திரும்பினேன். பத்தடி பின்னால் என் வலது செருப்பு தனியாகக் கிடந்தது. அது கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலோடு பத்தடி நடந்ததும் தெரியவில்லை.

"காலுக்குமாண்ணே ஞாபக மறதி?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

இதை நியூரோபதி (நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெட்டு உணர்ச்சி மங்கிப்போவது) என்கிறார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். சொன்னார்கள். கால் மரத்துப்போகும் என்றார்கள். சம்மணம் போட்டு வெகுநேரம் இருந்துவிட்டு எழுந்தால் எறும்பு ஊருமே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எதுவுமே இல்லாமல் இருக்கும் என்று தெரியாது. இல்லாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் சொன்ன ஒரே வைத்தியம், நடங்கள் என்பது. மருந்துக் கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். ஆயுள் முழுக்க நடந்தவனைப் பார்த்து நடக்கச் சொல்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் போனேன்.

*

பூங்காவில் எட்டு வடிவத்தில் ஒரு பாதை போட்டிருந்தார்கள். சிமெண்டில் கூழாங்கற்களை நட்டுவைத்த பாதை. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் மணி நேரம் ஒரு பக்கமாகவும், கால் மணி நேரம் எதிர்ப் பக்கமாகவும் நடக்க வேண்டும். நடந்தால் சர்க்கரை இறங்கும் என்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. அந்தக் கூட்டத்துக்கு ஆரோக்கியசாமி சார்தான் தலைவர் மாதிரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"தம்பி, செருப்போட நடந்தா அதுக்குப் பேரு நடையில்ல, உலாத்துறது" என்றார். "கல்லு பாதத்துல அழுத்தணும். அந்த அழுத்தம் நேரா கணையத்துக்குப் போவும்."

கழற்றினேன்.

புதிதாக வருகிறவர்கள் அந்தக் கல்லில் காலை வைத்ததும் முருகா, ஏசுவே, யாத்தே என்று துள்ளுவார்கள். ஒரு சுற்று முடிப்பதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். நான் தார்ச்சாலையில் போவதுபோலப் போனேன். மளிகைக்கடை வைத்திருக்கிற ஒருவர் என் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தார்.

"மாப்ள, ஒனக்கு வலிக்கவே இல்லையா?"

"கொஞ்சங்கூட வலிக்கலண்ணே."

"பாத்தீகளா சார், மொத நாளே எப்பிடி நடக்குறான்னு!"

சார் என் முதுகில் தட்டினார். "ஒழைச்ச காலுய்யா அது. வைரம் பாஞ்ச கட்ட" என்றார். அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும் என்னைத்தான் காட்டினார். எனக்கு அவ்வளவு பெருமை. ஏழாம் வகுப்பைத் தாண்டாதவனை ஒரு படித்த மனிதர் நான்கு பேருக்கு உதாரணமாகக் காட்டுகிறார். வலிக்காத காரணத்தால் தினமும் இரண்டு சுற்று கூடுதலாக நடந்தேன்.

இந்தத் தவறை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்ய முடியும் என்று தோன்றுகிறது. நோய் தின்றுவிட்ட காலை வைத்துக்கொண்டு அதைப் பலம் என்று மெச்சிக்கொள்வது. வெறுங்காலை மருந்து என்கிறோம், நேர்த்திக்கடன் என்கிறோம், மரியாதை என்கிறோம். அது சிலருக்குக் கத்தி என்று யாரும் சொல்வதில்லை.

மூன்று வாரம் போனது. அக்கா மாடிப்படியைத் துடைக்கும்போது சிவப்புச் சிவப்பாகக் கறை இருந்தது.

"சாயத் தண்ணியில கால வச்சுட்டு அப்பிடியே வீட்டுக்குள்ள வர்றியே, கண்ணு தெரியல?" என்று திட்டினாள்.

எங்கள் சந்து முனையில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். சாக்கடையில் ஒரு நாள் பச்சை ஓடும், ஒரு நாள் சிவப்பு ஓடும். நானும் அதுதான் என்று நினைத்தேன். வாசலில் நின்று கால் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மேலே போனேன். மறுநாளும் கறை. மறுநாளும் திட்டு. மூன்றாம் நாள் துடைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"டேய், நேத்துலருந்து சாயப்பட்டறைக்கு லீவுடா."

படியிலேயே என்னை உட்காரவைத்து, வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

*

அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் இளம் வயது டாக்டரம்மா. அன்று அவருக்கு நான் எத்தனையாவது காலோ, கண்ணெல்லாம் களைத்திருந்தது.

"புண்ணு எத்தன நாளா இருக்கு?"

"தெரியாதுங்க."

"ஒங்க கால்ல இருக்குற புண்ணு ஒங்களுக்குத் தெரியாதா?"

கோபம் வந்தது. பதில் இல்லாததால் வந்த கோபம். அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மோனோஃபிலமெண்ட் (மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் சோதனை) செய்யப்போவதாகவும், தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன்.

"எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"பத்து எடத்துல தொட்டு முடிச்சுட்டேன். கண்ணத் தெறங்க."

என் கால் எனக்கு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சீழ் எலும்புக்குள் போயிருந்தது. இரண்டு முறை டிப்ரைட்மெண்ட் (அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பது) செய்தார்கள். மூன்றாவது முறை வலது பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். அக்காதான் தாளில் கையெழுத்துப் போட்டாள். சீழ் மேலே ஏறாமல் நின்றால் பாதம் தப்பும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. அவரும் ஒரு சின்னக் கொப்புளத்தோடுதான் வந்தாராம்.

ஆரோக்கியசாமி சார் ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று எனக்காக ஜெபம் செய்தார். ஆமென் சொல்லி அவர் கண்ணைத் திறக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"பூங்காக் கல்லு சார். அதுதான் என் வெரலத் தின்னது."

அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. "நல்லதுக்குத்தான தம்பி சொன்னேன்."

"நல்லதுக்குத்தான் சார் சொன்னீங்க. அதான் ஒங்க மேல ஒரு கேஸும் போட முடியல."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பெரிய மனுசன இப்பிடியா பேசுவ?" என்று அக்கா என்னைக் கடிந்தாள். அந்த ரொட்டியை நான் தொடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

என் கோபம் உச்சத்துக்குப் போன இடம் அறுவைச் சிகிச்சை அறை இல்லை. அதற்குப் பிறகு, மருத்துவமனை வராந்தாவில் சர்க்கரை நோயாளிகளுக்கு நடந்த ஒரு வகுப்பு. சுவரில் வெள்ளை ஷூ போட்ட கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டு ஓடுகிற படம். அதன் கீழே நின்று ஒரு தம்பி எங்களுக்கு நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். தினமும் நடக்க வேண்டும், மனம் வைத்து நடக்க வேண்டும் என்றார். அதுவரை சரி.

"ஒவ்வொரு அடியையும் உணர்ந்து நடங்க. பாதம் தரையத் தொடுறத அனுபவிங்க. மனசு பூரா அங்கதான் இருக்கணும்."

கம்பை ஊன்றி எழுந்துவிட்டேன்.

"தம்பி, தரையத் தொடுறது எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குய்யா இங்க வாரேன்? இங்கன உக்காந்துருக்கதுல பாதிப் பேருக்குக் காலு செத்துப்போச்சு. செத்த கால வச்சுக்கிட்டு என்னத்த அனுபவிக்கச் சொல்ற?"

அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். சிலர் சிரித்தார்கள். "நல்லாக் கேளுய்யா" என்று ஒரு கிழவி குரல் கொடுத்தாள். காவலாளி வந்து என்னை உட்காரவைத்தார்.

மறுநாள் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற சிஸ்டர் பஞ்சைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து வராந்தால சத்தம் போட்டது நீங்கதானா?"

"ஆமா சிஸ்டர்."

"நீங்க கேட்டது சரிதான். அந்தத் தம்பி சொன்னதும் சரிதான்."

"அதெப்பிடி ரெண்டும் சரியாகும்?"

"தோலுக்குத் தெரியலையின்னா கண்ணுக்குத் தெரியுமுல்ல? காதுக்குத் தெரியுமுல்ல? மொகம் பாக்குற கண்ணாடி ஒன்னு வாங்கிக்கங்க. காலையில எந்திரிச்சதும் மொகத்துக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் அதுல பாருங்க. பாத்துட்டு அப்பறம் என்னையத் திட்டணும்னாலும் திட்டுங்க."

அவர்தான் எம்.சி.ஆர். செருப்பு (உணர்விழந்த பாதத்துக்காக மெத்தென்ற ரப்பரில் செய்வது, குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கும்) வாங்க எழுதிக் கொடுக்கச் செய்தார். அந்தச் செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்கூட ஓர் அடி வைக்கக் கூடாது என்றார். வீட்டுக்குள் செருப்பா என்று அக்கா திகைத்தாள். பிறகு, சாமி படம் இருக்கிற பக்கம் மட்டும் போகாதே என்று விட்டுவிட்டாள்.

புண் மூட ஐந்து மாதம் ஆனது. அதற்குப் பிறகு என் முதல் நடை, வீட்டு வாசலிலிருந்து சந்து முனை டீக்கடை வரை. போய் நின்று திரும்பினேன். ஒரு பகலில் முப்பது மைல் நடந்தவனுக்கு அது அவமானமாக இருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்க்காததுபோல இருந்தார்கள். அதுவும் கோபத்தைக் கிளப்பியது.

ஆனாலும் தினமும் போனேன். கிளம்பும் முன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். ஒரு நாள் தறிக்கம்பித் துண்டு இருந்தது. இன்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோலிக்குண்டு. தடவாமல் போட்டிருந்தால் அந்தக் குண்டோடு அரை மணி நேரம் சந்தோஷமாக நடந்து வந்திருப்பேன்.

நடக்கும்போது போன் கிடையாது, பேச்சு கிடையாது. கண் இரண்டடி முன்னால். காதுக்கும் வேலை இருந்தது. இடது கால் விழும் சத்தமும் வலது கால் விழும் சத்தமும் வேறு வேறு. இரண்டு விரல் இல்லாத கால் கொஞ்சம் முன்னதாகவே தரையை அடிக்கும். களைப்பு வந்தால் அது வெளிப்பக்கமாகச் சாய்ந்து இழுபடும். இழுபடுகிற சத்தம் கேட்டால் நின்றுவிட வேண்டும். எவ்வளவு தூரம் வந்தேன், இன்னும் எவ்வளவு போக முடியும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச்சே இல்லை. திரும்பி வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் பாதத்தைப் பார்ப்பேன், விரலிடுக்கு உட்பட. எங்காவது சிவந்து, அரை மணி நேரத்தில் அது வெளுக்காவிட்டால் மறுநாள் நடை கிடையாது. நடக்காமல் இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சிரமம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கீழக்குயில்குடிக்குப் போவேன். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளத்தை ஒட்டி நிழல் இருக்கிறது. அங்கே கோயில் வாசலில் செருப்போடு நின்றால் யாராவது முறைப்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

பூங்காவுக்கும் ஒரு நாள் போனேன். சண்டை போடத்தான் போனேன். எட்டுப் பாதையில் யாராவது சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நின்றால் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்ற வெறி. போனால், ஆரோக்கியசாமி சார் பாதை தொடங்குமிடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்திருந்த ஓர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்று ஈர்க்குச்சியால் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுதாம்மா? எந்த எடம் சொல்லுங்க."

"சுண்டுவெரலு."

"இப்ப?"

அந்த அம்மா பேசாமல் இருந்தார். சார் குச்சியைக் கீழே வைத்தார். "நீங்க செருப்பு போட்டுக்கிட்டு அந்த மண்ரோட்டுல நடங்க. கல்லுல ஏறக் கூடாது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிக் காலக் காட்டுங்க" என்றார்.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். கொண்டுபோன சண்டையை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இரண்டு விரல் போயிருக்கிறது.

*

இதற்குப் பிறகு கிடைத்ததுதான் சமையல் வேலை. திருமங்கலத்துப் பக்கம் கல்யாணங்களுக்குச் சமைக்கிற ஒரு மாஸ்டரிடம் மூன்று மாதமாக இருந்தேன். உட்கார்ந்து காய் நறுக்குவது, தண்ணீர் பார்த்துக்கொள்வது. வெளியே இருக்கிற வேலை என்பதால் செருப்பை அவர் கண்டுகொள்ளவில்லை. அன்று பரிமாறுகிற ஆட்கள் இரண்டு பேர் வரவில்லை. என்னைப் பந்திக்கு அனுப்பினார்.

முதல் பந்தியிலேயே பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கத்தினார். "எலைக்கு முன்னாடி செருப்புக் காலோட நிக்கிறான் பாரு! யாருய்யா இவன்?"

மாஸ்டர் ஓடிவந்து, "மானத்த வாங்காதய்யா, கழட்டு" என்றார்.

கழற்றினேன். ஐந்து மாதம் கட்டுப் போட்டவன், கண்ணாடி வைத்துக் காலைப் பார்க்கிறவன், ஒரு கல்யாண வீட்டின் மரியாதைக்காகக் கழற்றினேன். சபையில் நான்கு பேர் முறைத்தால் நம் முதுகு தானாகக் குனிந்துவிடுகிறது. அது பழக்கம்.

சாம்பார் தீர்ந்து வாளியோடு அடுப்படிக்கு வந்தேன். சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் சரிந்து கஞ்சி தரையில் ஓடியது.

"கஞ்சி, கஞ்சி! கால எடுங்கய்யா!"

எல்லோரும் குதித்து விலகினார்கள். நான் வாளியைப் பிடித்தபடி, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு வடித்தவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"யோவ், நீ மனுசனா மரமா?"

குனிந்தேன். என் இடது காலைச் சுற்றி ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஐந்து விரலும் இருக்கிற கால் அது ஒன்றுதான். அது கொதிக்கிற கஞ்சியில் நின்றுகொண்டிருந்தது, எனக்குத் தெரியாமல்.

டிரம்மிலிருந்து பச்சைத் தண்ணீரை எடுத்து விடாமல் ஊற்றினேன். உள்ளங்காலில் உளுந்த வடை அளவுக்குச் சிவந்திருந்தது. துடைத்துவிட்டுச் செருப்பைப் போட்டேன். அடுத்த பந்தி உட்கார்ந்துவிட்டது. மாஸ்டர் வந்தார்.

"மறுபடியும் போட்டுட்டியா? கழட்டு."

"கழட்ட மாட்டேண்ணே."

"என்ன, மகாராசா காலா அது?"

"மகாராசாவுக்கு எம்புட்டுக் காலு இருக்குமோ. எனக்கு முழுசா இருக்கது இது ஒன்னுதான்."

"செருப்பக் கழட்டு, இல்லையின்னா கெளம்பு."

அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தேன்.

*

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்பேன். மாஸ்டரிடம் பேசாமல் விட்டதையெல்லாம் பேசிக்கொண்டே நடந்தேன். பெண் வீட்டுப் பெரியவரை, வராந்தாவில் நின்ற தம்பியை, ஆரோக்கியசாமி சாரை, கணக்கு வாத்தியாரைக்கூட விடவில்லை. கப்பலூர் விலக்கில் லாரிகள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. அப்போதுதான் சத்தம் கேட்டது. என் வலது கால் இழுபட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக இழுபட்டதோ தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றினேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். வலது பாதத்தில் ஒன்றும் இல்லை. இடது பாதத்தில் வடை அளவு இருந்தது அப்பளம் அளவுக்குப் பரவியிருந்தது. நடுவில் தோல் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அது கொப்புளமானால் உடையும். உடைந்தால் மறுபடி அதே கட்டில், அதே பஞ்சு, அதே கையெழுத்து. இந்த முறை போவது இடது கால்.

மதுரைக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. கோபம் துளியும் தீரவில்லை. முன்பெல்லாம் தீரும்வரை நடப்பேன். நடந்து தீர்த்துவிட்டால் ஊர் மாறியிருக்கும், முகங்கள் மாறியிருக்கும், வேறு வேலை கிடைத்திருக்கும். அப்படித்தான் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். அன்று கோபத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நட, எழுந்து நட என்று உடம்பு பூராவும் சொன்னது. பாதம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதற்குச் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் நிற்க என்னைத் தவிர யாரும் இல்லை.

பெரியார் பேருந்து நிலையம் போகிற பஸ் வந்தது. ஏறினேன். கோபத்தோடு நான் பஸ் ஏறியது அதுதான் முதல் முறை.

அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி.

"திருமங்கலத்துலருந்து நடந்தா வந்த?"

"கப்பலூர்ல பஸ் ஏறிட்டேன்."

"நீயா?" என்றாள். நம்பவில்லை. டிக்கெட்டைக் காட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

அன்று பகல் முழுக்கக் காலைத் தலையணையில் தூக்கிவைத்துப் படுத்திருந்தேன். அக்கா தறிக்கும் மாடிக்கும் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்து, "அப்பிடியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு முன்பு ஒரு நாள் என்றால் ஓர் ஊர். இப்போது ஒரு நாள் என்பது ஒரு பார்வையிலிருந்து அடுத்த பார்வை வரை. அதற்குள் எதுவும் உடையாமல் இருந்தால் அந்த நாள் கழிந்தது.

விடிந்ததும் கண்ணாடியை எடுத்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். சிவப்பு வெளுத்திருந்தது. நடுவில் கொப்புளம் இல்லை. தோல் முழுசாக இருந்தது. விரலால் அழுத்தினேன். விரலுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. போதும்.

நேரே மருத்துவமனைக்குப் போய்ச் சிஸ்டரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தடவ தப்பிச்சுட்டீங்க. ரெண்டு நாளைக்கு நீட்டி நடக்காதீங்க" என்றார். திரும்பும் வழியில், பேருந்து நிலையத்துக்கு எதிரே தகரக் கொட்டகை போட்ட ஒரு டூவீலர் ஸ்டாண்டில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. நடத்துகிற பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வேல இருக்கா பாய்?"

"இருக்கு. வண்டிக்குச் சீட்டுப் போடணும், வரிசையாத் தள்ளி நிறுத்தணும்."

"செருப்பு போட்டுக்கலாமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வர்றவன் பூரா சம்பளம் என்னான்னு கேப்பான். நீ செருப்பக் கேக்குற. போட்டுக்கய்யா. இங்கன பூரா ஆணியும் ஆயிலும்தான் கெடக்கு. செருப்பில்லாம வந்தாத்தான் நான் உள்ள விடமாட்டேன்."

"ரெண்டு நாளைக்கு உக்காந்து சீட்டுப் போடுறேன். அப்பறமா வண்டி தள்ளுறேன்."

"சரி."

"மணிக்கு ஒருதரம் கழட்டிப் பாப்பேன்."

"என்னத்த?"

"கால."

பாய் என் காலைப் பார்த்தார். "பாத்துக்க. வண்டி வர்றப்ப மட்டும் பாக்காத" என்றார்.

சீட்டுக் கட்டைக் கையில் கொடுத்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். அலுவலகம் போகிறவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். பத்து மணிக்குக் கூட்டம் குறைந்தது. செருப்பைக் கழற்றினேன். இடது பாதத்தை முழங்கால்மேல் தூக்கிவைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் வந்து நின்ற வண்டிக்குச் சீட்டுக் கிழித்தேன்.